கப்பல் சுற்றுலாவில் ஏமாந்தால், மதுரையில் இருந்தபடியே புகார் செய்வது எப்படி?

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு அவரையும் அம்மாவையும் கப்பலில் கூட்டிப்போவது என்று நானும் தங்கையும் முடிவு செய்தோம். அம்மா மேலூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். கடலை ராமேஸ்வரத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். படுக்கையிலிருந்தே கடல் தெரிய வேண்டும் என்று அவர்கள் இருவருக்கும் பால்கனி வைத்த அறை கேட்டு, மதுரையிலேயே ஒரு டிராவல் ஏஜென்டிடம் பணம் கட்டினோம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் எழும்பூர், அங்கிருந்து துறைமுகம்.

கொடுத்த சாவிக்குரிய அறையில் கட்டிலுக்கு எதிரே நல்ல வேலைப்பாட்டுடன் ஒரு திரைச்சீலை தொங்கியது. அம்மா ஆசையாகப் போய் விலக்கினார். பின்னால் சுவர். பக்கத்துத் திரையையும் விலக்கிப் பார்த்தார், அதுவும் சுவர்தான். "பரவாயில்லப்பா, மேல போய்ப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். அன்று ராத்திரி ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி அப்பாவின் தலையணை நனைந்தது. அடுத்த ராத்திரியும் அதேதான்.

பணம் திரும்பி வர ஏழு மாதம் ஆனது. வக்கீல் வைக்கவில்லை, சென்னைக்கும் மும்பைக்கும் அலையவில்லை. எங்களைப் போல முதல் முறை புகார் கொடுப்பவர்களுக்காகச் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஏமாற்றத்தையும் குறைபாட்டையும் பிரியுங்கள்

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். ஒரு பக்கம் உங்களுக்குப் பிடிக்காதவை, மறுபக்கம் சொல்லிவிட்டுத் தராதவை. கடல் கொந்தளித்து வாந்தி வந்தது, சாம்பார் இனித்தது, கூட்டம் அதிகம், இதெல்லாம் முதல் பக்கம். காசு வாங்கிய அறையைத் தராதது, இரண்டு ராத்திரி ஏசி ஒழுகியது, விளம்பரத்தில் காட்டிய நீச்சல் குளம் பயணம் முழுக்கப் பூட்டியிருந்தது, சைவச் சாப்பாடு உண்டு என்று எழுத்தில் உறுதி கொடுத்துவிட்டுக் கைவிரித்தது, இவை மறுபக்கம். சட்டம் 'சேவைக் குறைபாடு' என்று சொல்வது இந்த இரண்டாவது பக்கத்தைத்தான்.

நடுவில் ஒரு சங்கதி உண்டு. வானிலை சரியில்லை என்று ஒரு துறைமுகத்தில் நிறுத்தாமல் போனால், அதற்குக் கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே இடம் வைத்திருக்கும். அதை வைத்துச் சண்டை போடுவது கடினம். ஆனால் அந்தத் துறைமுகத்துக்கென்று தனியாகக் கட்டணம் வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கேளுங்கள்.

என் முதல் புகாரில் பதினொரு குறை எழுதியிருந்தேன். தங்கை படித்துவிட்டு எட்டை அடித்தாள். மிச்சமிருந்த மூன்றுக்கும் எங்களிடம் சாட்சி இருந்தது. சாம்பாரும் சாவியும் ஒரே கடிதத்தில் இருந்தால், பதில் எழுதுபவர் சாம்பாருக்கு மட்டும் வருத்தம் தெரிவித்துவிட்டு முடித்துவிடுவார்.

படி 2: கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்பே

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். ஊருக்கு வந்து எழுதும் நூறு வரியை விட, கப்பலில் வாங்கும் ஒரு புகார் எண் பெரிது.

குறையைப் பார்த்தவுடன் வரவேற்பு மேசைக்குப் போங்கள். வாயால் சொல்வது போதாது. புகாரைப் பதிவு செய்யச் சொல்லி எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தால், அங்கே நின்றபடியே நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு நாலு வரி அனுப்பிவிடுங்கள். தேதியும் நேரமும் அதிலேயே பதிந்துவிடும். நடுக்கடலில் இணையம் கிடைக்காவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கொடுத்த பிரதியைப் படம் எடுங்கள். மாற்று அறை வேண்டும் என்றும் அதிலேயே கேளுங்கள். கேட்டும் தரவில்லை என்பது பின்னால் உங்கள் பக்கம் நிற்கும்.

வீடியோ எடுக்கும்போது கதவில் உள்ள அறை எண்ணிலிருந்து தொடங்கி, வெட்டாமல் உள்ளே போங்கள். நான் முதலில் எடுத்த படங்களில் ஏசி ஒழுகியது தெரிந்தது, எந்த அறை என்று தெரியவில்லை. மறுபடி வாசலுக்குப் போய், எண்ணைக் காட்டி, உள்ளே நுழைந்து, திரையை விலக்கி, சுவரைத் தட்டி, அப்பாவின் ஈரத் தலையணை வரைக்கும் ஒரே ஓட்டமாக எடுத்தேன். நாற்பது விநாடி. கடைசிவரை எங்களுக்குக் கை கொடுத்தது அந்த வீடியோதான்.

இரண்டாம் நாள், சமாதானமாக 3,000 ரூபாய் கப்பலிலேயே செலவழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். முழுமையாகத் தீர்வு பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற பொருளில் ஒரு வரி அதில் இருந்தது. தயவுசெய்து இப்படிப்பட்ட தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், 'என் உரிமைகளைக் கைவிடாமல் பெற்றுக்கொள்கிறேன்' என்று உங்கள் கைப்பட எழுதிவிட்டுப் போடுங்கள். நாங்கள் வாங்கவே இல்லை.

படி 3: காகிதங்கள்

ரசீது, அறை வகை எழுதிய உறுதிச்சீட்டு, விளம்பரம், ஏஜென்டுடன் பேசிய வாட்ஸ்அப், வங்கிக் கணக்கில் பணம் போன வரி. எல்லாவற்றையும் அச்செடுத்து 1, 2, 3 என்று எண் போடுங்கள். வீடியோ எடுத்த போனை விற்றுவிடாதீர்கள். டிஜிட்டல் சாட்சிக்கு, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதற்குரிய படிவம் அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது.

கிரெடிட் கார்டில் பணம் கட்டியவர்கள் இந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை என்று வங்கியிடமும் உடனே மறுப்புப் பதிவு செய்யுங்கள். அதற்குக் கெடு உண்டு.

படி 4: கடிதம்

ஊருக்கு வந்ததும் ஏஜென்டிடம் போனேன். "அண்ணே, நான் டிக்கெட் போட்டுக் குடுக்குறதோட சரி. கப்பல்காரங்களக் கேளுங்கண்ணே" என்றார். கப்பல் நிறுவனத்துக்குப் போன் போட்டால், ஏஜென்டைக் கேளுங்கள் என்றார்கள். இந்தப் பந்தாட்டத்துக்கு மருந்து ஒன்றுதான்: ஒரே கடிதத்தை இருவர் பெயருக்கும் எழுதுங்கள். கோபம் வேண்டாம், ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். எங்கள் கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"ஐயா, ___ தேதி புறப்பட்ட கப்பலில் பால்கனி அறைக்கு ___ ரூபாய் செலுத்தினேன் (இணைப்பு 1). ஒதுக்கப்பட்டது சன்னல் இல்லாத உள் அறை (இணைப்பு 2). அன்றே ___ மணிக்கு வரவேற்பு மேசையில் புகார் செய்தேன், புகார் எண் ___. மாற்று அறை தரப்படவில்லை. இரண்டு இரவுகள் ஏசியிலிருந்து படுக்கையில் நீர் ஒழுகியது (இணைப்பு 3). இரு அறைகளுக்கும் உள்ள கட்டண வித்தியாசம் ___ ரூபாயையும், இழப்பீடாக ___ ரூபாயையும் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் செலுத்தக் கோருகிறேன். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்."

தொகையை யோசித்துப் போடுங்கள். கட்டண வித்தியாசம் எங்களுக்கு 38,000 ரூபாய். பதிவு செய்த அன்று நிறுவனத்தின் தளத்தில் இருந்த இரண்டு விலையையும் தங்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் அதை யாரும் மறுக்க முடியவில்லை. மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று எழுதினால் மற்ற கணக்கின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

மின்னஞ்சலில் ஒன்று, தல்லாகுளம் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்டில் ஒன்று. போய்ச் சேர்ந்ததற்கான பதிவைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

படி 5: 1915

தேசிய நுகர்வோர் உதவி எண் இது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். இது நீதிமன்றம் இல்லை, கட்டாயப்படுத்த முடியாது. இருந்தாலும் பல சிறிய புகார்கள் இங்கேயே முடிகின்றன. எங்களுக்கு வந்தது வெறும் வருத்தக் கடிதம். சரி என்று அடுத்த படிக்குப் போனோம்.

படி 6: ஆணையம்

நிறையப் பேர் பயந்து நிற்கும் இடம் இதுதான். டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் வழக்கு என்றால் எங்கள் ஊருக்கு வா என்று போட்டிருப்பார்கள். 2019 சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார் கொடுப்பவர் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் முறையிட வழி கொடுக்கிறது. நீதிமன்றத்துக்கு வெளியே விசாரிக்கும் நடுவர் தீர்ப்பாயத்துக்குத்தான் (ஆர்பிட்ரேஷன்) போக வேண்டும் என்று அச்சிட்டிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது. உச்ச நீதிமன்றம் 2018-இல் இதைத் தெளிவாக்கிவிட்டது.

நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை ஆணையக் கட்டணமே இல்லை. குறை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

புகாரில் இருக்க வேண்டியவை: உங்கள் விவரம், எதிர்த்தரப்பினராக ஏஜென்ட், கப்பல் நிறுவனம் இருவரும், நடந்ததைத் தேதி வாரியாக, கேட்கும் நிவாரணம், உறுதிமொழிப் பத்திரம், எண் போட்ட இணைப்புகள். பணம் கட்டியவர் மட்டும்தான் நுகர்வோர் என்று நினைக்க வேண்டாம். அவர் ஒப்புதலோடு அந்தச் சேவையை அனுபவித்தவரும் நுகர்வோரே. ஆகவே முதல் புகார்தாரர் அம்மா, இரண்டாவது நான். அம்மா ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

புகார் ஏற்கப்பட்டால் எதிர்த்தரப்பு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள். இந்த மாதிரி வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட இழுக்கும். வாய்தா தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள். காணொலி மூலம் ஆஜராகவும் அனுமதி கேட்கலாம். தீர்ப்பு பாதகமாக வந்தால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு. அதற்கும் மதுரையிலேயே அமர்வு இருக்கிறது.

படி 7: சமரசம்

இரு தரப்பும் சம்மதித்தால் ஆணையமே சமரசத்துக்கு அனுப்பும். எங்களை அனுப்பினார்கள். நிறுவனத்தின் ஆள், "அறையில் வசதி எல்லாம் இருந்ததே, உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "தெரையத் தெறந்தா கடல் தெரியும்னு சொல்லித்தானய்யா காசு வாங்குனீங்க? தெறந்தா செவுரு." பிறகு நாற்பது விநாடி வீடியோவைப் போட்டுக் காட்டினோம்.

38,000 ரூபாயோடு இழப்பீடாக 15,000 தருவதாக ஒப்புக்கொண்டார்கள். இங்கே அவசரப்படக் கூடாது. எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யாருடைய கணக்கில், தவறினால் எத்தனை சதவீத வட்டி, நான்கும் சமரச ஒப்பந்தத்தில் எழுத்தில் வந்த பிறகே கையெழுத்து. அதை ஆணையம் உத்தரவாகப் பதிவு செய்யும். அதற்குப் பிறகும் பணம் வராவிட்டால் நிறைவேற்றும் மனு போடலாம், அதே 2019 சட்டத்தின் 72-ஆவது பிரிவில் சிறைத் தண்டனைக்கே இடமிருக்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே அம்மாவின் கணக்கில் பணம் ஏறிவிட்டது.