வீட்டை நாமே நின்று கட்டுவதா, கான்ட்ராக்டரிடம் விடுவதா? பலரும் செய்யும் தவறுகள்

கான்ட்ராக்டருக்குப் போகும் லாபத்தை மிச்சம் பிடிக்கலாம் என்ற ஒரே கணக்கில்தான் பலர் வீடு கட்டும் வேலையைத் தாங்களே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். முதல் தவறே அந்தக் கணக்குதான். வீணாகும் பொருள், இடித்துவிட்டுத் திரும்பக் கட்டும் சுவர், வேலை இழுத்துக்கொண்டு போகும் மாதங்களின் வாடகை, கடன் வட்டி, உங்கள் நேரம் எதுவுமே அதில் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். அப்புறமும் மிச்சம் தெரிந்தால் சரி, யோசிக்கலாம்.

அதைவிடப் பெரிய தவறு, சாயங்காலம் ஒரு எட்டு வந்து பார்த்தால் போதும் என்று நினைப்பது. கூரைக்குக் கான்கிரீட் தளம் போடும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கலவை கெட்டியாக இருக்கிறது, தள்ள முடியவில்லை என்று கூடுதலாக ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர் வற்றிய இடமெல்லாம் நுண்துளைகளாகி, கான்கிரீட்டின் பலம் குறையும். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டைகளான கவர் பிளாக் வைக்காமல் விட்டால் கம்பி சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிக் கிடக்கும்; பின்னாளில் துருப்பிடித்து உப்பி, கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும். சாயங்காலம் வருபவர் கண்ணுக்கு மேல்தளம் மழமழவென்றுதான் தெரியும். கான்கிரீட்டின் பலத்தை, போட்டு 28 நாள் ஆன பிறகுதான் கணக்கிடுவார்கள். குறைந்தது முதல் 7 நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே நிற்க ஆள் இல்லாதவர்கள் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பேன்.

கான்ட்ராக்டரிடம் விடுபவர்கள் சதுர அடி விலையை மட்டும் கேட்டுத் தலையாட்டிவிடுகிறார்கள். சதுர அடியை எப்படி அளப்பார்கள், தண்ணீர்த் தொட்டியும் சுற்றுச்சுவரும் அதில் அடங்குமா, எந்தத் தரத்துக் கம்பி, எந்த ஒயர் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதி வேலையில் எல்லாமே ‘எக்ஸ்ட்ரா’ ஆகிவிடும். பணத்தையும் முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள்.

இரண்டில் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. அஸ்திவாரம், தூண், தளம், சுவருக்குள் போகும் ஒயரிங், குழாய் இவையெல்லாம் மூடிய பிறகு தொட முடியாதவை, வேலை தெரிந்தவர்களிடம் விடுங்கள். பெயின்ட் அடிப்பதையும் அலமாரி மாட்டுவதையும் நீங்களே செய்யலாம், தப்பானால் திரும்பச் செய்துகொள்ளலாம். எந்த வழியில் போனாலும் மண் பரிசோதனைக்கும், கம்பி கட்டும் வரைபடத்துக்கும், கான்கிரீட் போடும் முன் ஒருமுறை வந்து பார்ப்பதற்கும் கான்ட்ராக்டரைச் சாராத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை (கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் பொறியாளர்) வைத்துக்கொள்ளுங்கள்.