பாடத்தை ஒப்பிக்கிறான், வாசிக்கிறானா?

கோலாலம்பூரின் செந்தூலில் மாலை வகுப்பு நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்தார். "நல்லாத்தான் வாசிக்கிறான் டீச்சர், எழுதச் சொன்னாத்தான் சோம்பேறித்தனம்" என்றார். பாடநூலைக் கொடுத்தேன். விரல் வைத்துத் தடங்கலில்லாமல் வாசித்தான். ஆனால் விரல் மூன்றாம் வரியில் நிற்க, வாய் ஐந்தாம் வரிக்குப் போய்விட்டது. அந்தப் பாடத்தில் வந்த 'கொடி' என்ற சொல்லை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். அக்கா வாசிக்கக் கேட்டே பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்திருக்கிறான்.

டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் வரும் கற்றல் சிரமம், பல பிள்ளைகளிடம் இப்படித்தான் மறைந்துகிடக்கிறது. ஒப்பிப்பதை வாசிப்பு என்று நம்பிவிடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. பிள்ளை இதுவரை பார்க்காத நான்கு வரியைக் கொடுத்துப் பாருங்கள். அல்லது ஒரு வாக்கியத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, "தமிழில் சரியாக வாசிக்கிறாள், அதனால் பிரச்சினை இல்லை" என்ற முடிவு. தமிழிலும் மலாயிலும் எழுத்துக்கும் ஒலிக்கும் பெரும்பாலும் நேரான தொடர்பு உண்டு. அதனால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகூட எழுத்துக்கூட்டிச் சரியாக வாசித்துவிடலாம். வேகம்தான் வராது. ஒரு பத்தி முடிவதற்குள் களைத்துவிடும், முதல் வரி மறந்துபோகும். எழுத்துக்கும் ஒலிக்கும் அவ்வளவு ஒத்துப்போகாத ஆங்கிலத்தில்தான் பிழைகள் வெளிப்படையாகத் தெரியும். ஆகவே பிழையை மட்டும் எண்ணாமல் நேரத்தையும் கவனியுங்கள்.

ன, ண குழப்பம் எல்லாப் பிள்ளைக்கும் வரும். 7 வயதுக்குள் ஆங்கில 'b'யையும் 'd'யையும் திருப்பி எழுதுவதும் சகஜம். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனால் 'பள்ளி' என்ற சொல்லை ஒரே பக்கத்தில் 'பளி', 'பல்லி', 'பள்ள' என மூன்று விதமாக எழுதினால், கொம்பும் காலும் புள்ளியும் நாள்தோறும் விடுபட்டால், கூடுதல் பயிற்சி கொடுத்தும் ஆறு மாதமாக மாறாமலிருந்தால், அதை விட்டுவிடக் கூடாது.

டிஸ்லெக்சியா மூன்று மொழி படிப்பதால் வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியில்லை. சொல்லின் ஒலியையும் எழுத்தையும் மூளை இணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. குடும்பத்தில் வழிவழியாகவும் வரும். அப்பாவுக்கும் சிறு வயதில் வாசிப்பு சிரமமாக இருந்ததா என்று கேளுங்கள். கண், காது பரிசோதனை அவசியம்தான், ஆனால் கண்ணாடி போட்டதோடு முடிந்தது என்று எண்ணக் கூடாது.

கணக்கில் வரும் கற்றல் சிரமமான டிஸ்கல்குலியாவை நாம் அதிகம் கவனிப்பதில்லை. மூன்றாம் ஆண்டிலும் 8-உடன் 5-ஐக் கூட்ட ஒன்றிலிருந்து விரல் விடுவது, 5 ரிங்கிட் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று திகைப்பது, முள் கடிகாரம் பிடிபடாமலே இருப்பது போன்றவை அடையாளங்கள். வாயால் அழகாகக் கதை சொல்லிவிட்டு இரண்டு வரி எழுதவே கை வலிக்கும் பிள்ளைக்கு டிஸ்கிராபியா என்ற எழுதும் சிரமம் இருக்கலாம். குறும்பு செய்யும் பையனை எல்லாரும் பார்க்கிறோம், கடைசி வரிசையில் அமைதியாக இருக்கும் பெண்பிள்ளை கண்ணில் படுவதில்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

"வளர வளரச் சரியாகிவிடும்" என்று படிவம் 1 (இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டு) வரை காத்திருக்காதீர்கள். முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அப்புறம் அரசாங்க கிளினிக்கிற்குப் போய், குழந்தை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தாமல் அப்படியே கொண்டுபோங்கள். அந்த அம்மா, டாக்டருக்குக் காட்ட வெட்கப்பட்டு, அழித்து எழுதிய புதுப் புத்தகத்தைத்தான் முதலில் பையில் வைத்திருந்தார். பழையதைத் தேடி எடுத்து வரச் சொன்னேன்.