மொய் நோட்டை எடுங்க: கடன்படாம மொய் செய்யுறதும் வாங்குறதும் எப்படி

தை, வைகாசி, ஆவணி வந்தாலே நம்ம வீடுகள்ல டிவி பக்கத்துல பத்திரிகை அடுக்கடுக்கா சேர்ந்துடும், ஒரே முகூர்த்தத்துல மூணு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு புதுமனை புகுவிழா, எல்லாத்துக்கும் போயே ஆகணும், எல்லாத்துலயும் நம்ம பேரு நோட்டுல ஏறியே ஆகணும். 20 ஆயிரம் சம்பளத்துல ஓடுற வீட்டுல ஒரே மாசத்துல 8 ஆயிரம் மொய்க்கே போச்சுன்னா அந்த மாசம் மளிகைக்கடையில பாக்கி நிக்கும், இல்லேன்னா தோடு அடகுக்கடைக்குப் போகும். மொய்யே வேணாம்னு நான் சொல்ல வரல. பேங்க் பக்கமே போக முடியாத சனங்க வீட்டுல பொண்ணுக்குக் கல்யாணம் நடந்ததே சொந்தமும் ஊரும் கூடி வச்ச காசாலதான், அத நான் ரொம்ப மதிக்குறேன். ஆனா அது வட்டியில்லாத கடன். கடனுக்கு உண்டான கணக்கோட அத நடத்தணும், வீம்புக்காக நடத்தக்கூடாது. எப்படின்னு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

முதல் வேலை, வீட்டுல இருக்குற எல்லா மொய் நோட்டையும் வெளிய எடுக்குறது. அப்பா கல்யாண நோட்டு, அக்கா சடங்கு நோட்டு, வீடு குடிபோன நோட்டுன்னு பீரோ மேலயும் டிரங்குப் பெட்டியிலயும் கிடக்கும். அம்மாவோ அப்பாவோ அப்பத்தாவோ இருக்கும்போதே பக்கத்துல உக்கார வச்சு இத செஞ்சுடுங்க, ஏன்னா நோட்டுல 'கீழத்தெரு முருகேசன் 200'ன்னு மட்டும்தான் இருக்கும், அந்தத் தெருவுல நாலு முருகேசன் இருப்பாங்க, எந்த முருகேசன்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவங்க போயிட்டா அந்தக் கணக்கும் போச்சு, அந்த உறவும் போச்சு. ஒரு புது நீள நோட்டு வாங்கி ஊர் வாரியா பிரிச்சு எழுதுங்க. ஊர், தெரு, பேரு, அவங்க அப்பா பேரு, நம்ம எந்த விசேஷத்துக்கு வச்சாங்க, எந்த வருஷம், எவ்வளவு, நாம திருப்பி செஞ்சாச்சா இல்லையா, இத்தனையும் ஒரே வரியில வரணும். போன்ல எக்ஸெல்ல ஏத்தி வச்சா தேடுறது சுலபம், ஆனா பேப்பர் நோட்டும் இருக்கட்டும், போன் தொலைஞ்சா நாப்பது வருஷக் கணக்கு அதோட போயிடும். நோட்டுக்குப் பின்பக்கம் நாம வச்சது, இன்னும் திரும்பி வராதது தனியா. இது ரெண்டையும் பார்த்தாதான் நாம கடன்காரங்களா இல்ல கடன் குடுத்தவங்களான்னே தெரியும், நிறைய வீட்டுல இது தெரியாமலே காசு போய்க்கிட்டு இருக்கு.

அடுத்தது வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்குறது. ஆடி, புரட்டாசி, மார்கழியில கல்யாணம் பொதுவா இருக்காது, அந்த மூணு மாசத்துலயும் மொய்க்குன்னு காசு தனியா எடுத்து வைங்க, செலவில்லாத மாசம்னு விட்டுடாதீங்க. போஸ்ட் ஆபீஸ்லயோ பேங்க்லயோ மாசாமாசம் கட்டுற ஆர்டி போடலாம், கூட்டுறவு சொசைட்டியில போடலாம், சும்மா ஒரு டப்பாவுல கூட போடலாம், எங்க இருக்குங்கிறத விட தனியா இருக்குங்கிறதுதான் முக்கியம். மொய்க்குன்னு வட்டிக்கு மட்டும் வாங்காதீங்க. வட்டியில்லாத கடனை அடைக்க வட்டிக்கடன் வாங்குறது எந்தக் கணக்குலயும் சரியா வராது, அதுவும் வாரக்குழுவுல வாங்கி மொய் வச்சுட்டு வாராவாரம் கட்ட முடியாம திணறுற பொம்பளைங்கள பாக்கும்போது மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு.

இப்ப எவ்வளவு வைக்குறதுன்னு வருவோம், குழப்பமே இங்கதான். முறை என்னன்னா, பழசு வேற, புதுசு வேற. அவங்க 2015-ல நம்ம வீட்டுக்கு 500 வச்சிருந்தாங்க, நாம இப்ப 1000 வைக்குறோம்னா அதுல 500 பழசு, கடன் தீர்ந்துச்சு, மீதி 500 புதுசு, அது இப்ப அவங்க நமக்குத் தர வேண்டியது. நோட்டுல இத ரெண்டா பிரிச்சு எழுதணும், மொத்தமா 1000-ன்னு எழுதினா பின்னாடி சண்டை வரும். 500-க்கு 500 மட்டும் வச்சா கணக்கு முடிஞ்சதுன்னு அர்த்தம், பெரியவங்க அத அப்படித்தான் எடுத்துப்பாங்க. இது தப்பே இல்ல. எந்த உறவு நமக்கு இன்னும் போக்குவரத்துல இருக்கோ அங்க புதுசு சேருங்க, எங்க ரெண்டு பக்கமும் பேச்சே இல்லாம நோட்டு மட்டும் ஓடிக்கிட்டு இருக்கோ அங்க வாங்குனத மரியாதையா திருப்பி வச்சு, சாப்பிட்டு, நல்லா இருங்கன்னு சொல்லிட்டு வந்துடுங்க. ஒரே வருஷத்துல எல்லாத்தையும் முடிக்கணும்னு இல்ல, வர்ற பத்திரிகைய பார்த்துப் பார்த்து கொஞ்சம் கொஞ்சமா சுருக்கலாம்.

ரொம்பப் பழைய மொய்ன்னா என் எண்ணம் கொஞ்சம் வேற. 1995-ல ஒருத்தர் வச்ச 100 ரூபா அன்னைக்கு அவர் வீட்டுல பெரிய காசு. அத இன்னைக்கு 100-ஆ திருப்பி வச்சா கணக்குப்படி சரி, மனசுக்கு சரியில்ல. முடிஞ்சா 500, 1000 வைங்க, முடியலேன்னா ஒரு நாள் முன்னாடியே போய் பந்தல் வேலை, பந்தி வேலைன்னு நில்லுங்க.

தங்கம்தான் இப்ப பெரிய சிக்கல். தாய்மாமன் அரைப் பவுன் மோதிரம் போட்டாரு, இப்ப அவர் மகனுக்குக் கல்யாணம், நாம அரைப் பவுன் போடணுமா, இல்ல அன்னைக்கு விலைக்குப் பணமா வைக்கலாமா? 2020-லதான் ஒரு பவுன் 40 ஆயிரத்தைத் தாண்டுச்சு, அப்பவே எல்லாரும் வாயப் பொளந்தோம், இப்ப அது ரெண்டு மடங்குக்கும் மேல போயிடுச்சு. அரைப் பவுன் திருப்பணும்னா செய்கூலி சேதாரத்தோட ஒரு சாதாரண வீட்டுக்கு ரெண்டு மாசச் சம்பளத்துக்கு மேல போகும். நேரா போய் பேசுறதுதான் வழி, அதுவும் பத்திரிகை வச்ச அன்னைக்கே, கல்யாணத்துக்கு முந்தின நாள் இல்ல. "மாமா, நீங்க போட்டது அரைப் பவுன், எனக்கு இப்ப ரெண்டு கிராம்தான் முடியும், மீதிய உங்க அடுத்த விசேஷத்துல செஞ்சுடுறேன்"னு சொன்னா பெரும்பாலும் ஒத்துப்பாங்க, அவங்களும் இதே விலைய பார்த்துட்டுதான இருக்காங்க. எடைய எடையாத்தான் பேசணும், அன்னைக்கு விலைக்கு ரூபாயா மாத்திப் பேசினா அவங்க போட்டது குறைஞ்சுதான் திரும்பி வரும், அது நியாயம் இல்ல. இனிமே நாம யாருக்காவது செய்யும்போது தங்கமா போடாம பணமாவே வச்சா எதிர்ல இருக்குறவங்களுக்கும் பாரம் குறையும்.

அண்ணன் தம்பி பாகம் பிரியும்போது மொய் நோட்ட மறந்துடுறாங்க. நிலத்த சென்ட் சென்ட்டா அளக்குறோம், மொய்க்கடன யாரு கட்டுறதுன்னு பேசுறதே இல்ல, அப்புறம் பத்திரிகை வரும்போது பெரியவர் வீட்டுல செய்வாங்கன்னு இவரும், சின்னவர் வீட்டுல செய்வாங்கன்னு அவரும் விட்டுட்டு, கடைசியில ரெண்டு பேரு மானமும் போகும். யார் கல்யாணத்துக்கு வந்த மொய்யோ அவங்க திருப்பணும், அப்பா பேர்ல வீட்டு விசேஷத்துக்கு வந்தத சமமா பிரிக்கணும், பிரிச்சத எழுதி ஆளுக்கொரு ஜெராக்ஸ் வச்சுக்கணும். பொண்ணுங்க விஷயமும் இப்படித்தான். பொண்ணு பொறந்த வீட்டுச் சொந்தத்துக்கு வைக்குற மொய் எந்த நோட்டுல ஏறுது, மாமியார் வீட்டு நோட்டுலயா இல்ல அவ பேர்லயா? சம்பாதிக்குற பொண்ணுங்க அவங்க பேர்லயே தனியா எழுதி வைங்க, நாளைக்கு திரும்பி வரும்போது அது உங்களோட காசுன்னு சொல்ல ஒரு ஆதாரம் வேணும்.

நம்ம வீட்டு விசேஷம்னு வரும்போது நான் பார்த்த பெரிய ஆபத்து, மொய் வரும்ங்கிற நம்பிக்கையில செலவ ஏத்துறது. இலைக்கு 250 ரூபான்னு வைங்க, 400 இலைன்னா சாப்பாடே 1 லட்சம், மண்டபம், மேடை அலங்காரம், போட்டோ வீடியோ, செண்டை மேளம்லாம் தனி. குடும்பத்தோட நாலு பேரு வந்து சாப்பிட்டு 200 ரூபா வைக்குறாங்கன்னா அது அவங்க குத்தம் இல்ல, அவங்க வசதி அவ்வளவுதான், நாமதான் அதுக்குத் தகுந்த மாதிரி யோசிக்கணும். நோட்டோட பின்பக்கத்துல வராம நிக்குற பழசு எவ்வளவுன்னு கூட்டுங்க, அதுல பாதி வரும்னு மட்டும் வச்சுக்குங்க. அதுக்கு மேல வர்றது எல்லாம் புதுசு, புதுசுன்னா நாளைக்கு நாம திருப்பிச் செய்ய வேண்டிய கடன், அதக் காட்டி டெக்கரேஷன்காரருக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க. வந்த மொய்ய வச்சு முதல்ல விசேஷக் கடன அடைங்க, மிச்சம் இருந்தா அடகுல இருக்குறத மீட்டுடுங்க.

மொய் எழுதுற மேஜையில ரெண்டு பேரு உக்காரணும், ஒருத்தர் வாங்கி எண்ண, ஒருத்தர் எழுத, ரெண்டு பேருமே உள்ளூர் ஆளுங்கள அடையாளம் தெரிஞ்சவங்களா இருக்கணும். கவரா வந்தா மேல பேரு ஊரு இருக்கான்னு அங்கயே பார்த்து, இல்லேன்னா கேட்டு எழுதிடுங்க, வீட்டுல போய்ப் பிரிச்சா பேரில்லாத கவர் நாலு அஞ்சாவது இருக்கும், யாருதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. ஜிபேல அனுப்புறவங்களையும் அன்னைக்கே நோட்டுல ஏத்திடுங்க. 2021 ஜனவரியில மதுரையில ஒரு வீட்டுப் பத்திரிகையில கியூஆர் கோடு அச்சடிச்சாங்க, அப்ப அது செய்தியாவே வந்துச்சு, இப்ப மண்டபத்துலயே கோடு ஒட்டி வைக்குறாங்க. கொரோனா நேரத்துல வர முடியாதவங்களுக்கு அது நல்ல வழியா இருந்துச்சு. ஆனா ஜிபேல வர்ற பேரு இங்கிலீஷ்ல, சில சமயம் மருமகன் நம்பர்ல இருந்து, யார் கணக்குல எழுதுறதுன்னு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க.

மொய் விருந்து வைக்குற ஊர்க்காரங்களுக்கு இன்னும் கவனம் தேவை. புதுக்கோட்டையில கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், தஞ்சாவூர்ல பேராவூரணி, இந்தப் பக்கமெல்லாம் ஆடி, ஆவணியில கறி விருந்து போட்டு லட்சக்கணக்குல மொய் வாங்குவாங்க, ஒருத்தர் ஒரு தடவ விருந்து வச்சா மறுபடி அஞ்சு வருஷம் கழிச்சுதான் வைக்கலாம், செலவு குறையணும்னு பல வீட்டுக்காரங்க சேர்ந்து ஒரே பந்தல்ல வைப்பாங்க. அந்தக் காசுல போர்வெல் போட்டவங்க, கடை வச்சவங்க, பிள்ளைய காலேஜ் சேர்த்தவங்க நிறைய. ஆனா 2018 நவம்பர்ல கஜா புயல் தென்னந்தோப்ப எல்லாம் சாய்ச்சுட்டுப் போன பிறகு, பின்னாடியே கொரோனாவும் வந்து, திருப்பிச் செய்ய காசில்லாம பல பேரு தவிச்சாங்க, மொய் வச்சவங்களுக்கும் வர வேண்டியது முழுசா வரல. அதனால வாங்குன தொகைய அஞ்சா பிரிச்சு வருஷா வருஷம் ஒரு பங்கு திருப்பிச் செய்ய முடியுமான்னு பார்த்துட்டு அப்புறம் விருந்துக்குப் பந்தல் போடுங்க, தொழில்ல போட்டா வரும்படி வரணும், கார்லயோ மாடி வீட்டுலயோ போட்டா அஞ்சு வருஷத்துல அந்தத் தோப்பத்தான் விக்கணும்.

வரி விஷயம் சுருக்கமா. கல்யாணத்துக்காக மாப்பிள்ளை பொண்ணுக்கு வர்ற பரிசுக்கு வருமான வரி இல்ல. காதுகுத்து, வீடு குடிபோறதுக்கு அந்தச் சலுகை கிடையாது, சட்டம் சொல்ற நெருங்குன சொந்தம் தவிர மத்தவங்ககிட்ட இருந்து வர்றது வருஷத்துக்கு 50 ஆயிரத்தைத் தாண்டினா கணக்குல வரும். ஒரே ஆளுகிட்ட ஒரு விசேஷத்துக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கவும் கூடாது. பெரிய தொகை வந்துச்சுன்னா ஆடிட்டர்கிட்ட நோட்டோட போய்க் கேட்டுடுங்க.

'அன்பளிப்பைத் தவிர்க்கவும்'னு பத்திரிகையில போடுறது இப்ப கூடிக்கிட்டே வருது, நல்லதுதான். ஆனா அப்படிப் போடுறவங்க ஏற்கனவே வாங்குனது தீர்ந்துச்சான்னு பார்த்துட்டுப் போடுங்க, நாம வாங்க மாட்டோம்னு சொன்னதால நாம குடுக்க வேண்டியது இல்லாம போகாது. அதே மாதிரி கையில காசே இல்லாத மாசம் ஒரு முக்கியமான பத்திரிகை வந்துச்சுன்னா போகாம இருந்துடாதீங்க. முந்தின நாளே வீட்டுக்குப் போய் "இந்த மாசம் முடியல சித்தப்பா, தையில கொண்டுவந்து தர்றேன்"னு சொல்லிட்டு, முகூர்த்தத்துக்குப் போய் நின்னு, நம்ம நோட்டுல அந்த வரிக்குப் பக்கத்துல தைன்னு குறிச்சு வைங்க. தை பொறந்ததும் முதல் ஆளா அவங்க வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்து, அவங்க நோட்டுலயும் ஏத்தச் சொல்லி கண்ணால பார்த்துட்டு வாங்க.