ஆடிக்காற்றுக்கு எத்தனை சதுர மீட்டர்? பவர் கைட் அளவைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஓர் ஆடி மாதத்தில் வள்ளியூருக்கு அருகே உள்ள தரிசு நிலத்தில் 3 சதுர மீட்டர் பவர் கைட்டை, அதாவது ஆளையே இழுக்கும் விசையுள்ள பெரிய துணிப் பட்டத்தை, ஏற்றினேன். அரை நிமிடத்துக்குள் அது என்னை முழங்காலால் தரையை உழ வைத்துவிட்டு, உடைமரம் ஒன்றில் போய்ச் சிக்கிக் கிழிந்தது. பட்டத்தில் குறை எதுவும் இல்லை. அன்றைய காற்றுக்கு அது இரு மடங்குக்கும் மேல் பெரியது. நம் பக்கத்துக் காற்றுக்கு ஏற்ற அளவைத் தீர்மானிக்க அதன்பின் நான் கைக்கொண்ட முறை இது. கயிறு பூட்டும் விதம் பெட்டியுடன் வரும் தாளிலேயே இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதற்படி: பருவம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு, பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் வேகமெடுத்து இறங்குகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் அடர்ந்து நிற்பது இதனால்தான். பங்குனி, சித்திரைப் பிற்பகல்களில் வரும் கடற்காற்று இதைவிடச் சாது. ஆகவே ஆண்டு முழுவதற்கும் ஒரே பட்டம் போதாது.

இரண்டாம் படி: வீச்சை அளத்தல்

நான் தவறியது இங்கேதான். வானிலைச் செயலியில் மணிக்கு 22 கிலோமீட்டர் என்று கண்டதும் கிளம்பிவிட்டேன். அது சராசரி வேகம். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த 41 என்ற உச்ச வீச்சை, அதாவது காற்று திடீரெனப் பாயும்போது எட்டும் வேகத்தை, நான் கவனிக்கவில்லை. பட்டத்தின் இழுப்பு காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்பதால், 22 இலிருந்து 41 ஆகும்போது இழுப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்காகிறது. அலகையும் பாருங்கள்: 12 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) என்பது மணிக்கு 22 கிலோமீட்டர், நொடிக்கு 12 மீட்டர் என்பதோ மணிக்கு 43 கிலோமீட்டர்.

களத்துக்குப் போனதும் பத்து நிமிடம் காற்றுமானியை உயர்த்திப் பிடித்து, மிகக் குறைந்த வேகத்தையும் மிக உயர்ந்த வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கிண்ணம் சுழலும் வகையையே நான் விரும்புகிறேன். சிறு விசிறி வகையைக் காற்றுக்கு நேரே பிடிக்காவிட்டால் அது குறைத்துக் காட்டும். உச்சம், தாழ்வைப் போல் இரு மடங்கைத் தாண்டினால் அன்று பட்டத்தை எடுக்க வேண்டாம். மலையடிவாரத்தில் இது அடிக்கடி நேரும்.

கருவி இல்லாதவர்கள், புழுதியும் காகிதமும் கிளம்பினால் 20 முதல் 28 என்றும், இலையடர்ந்த சிறு மரங்கள் தள்ளாடினால் 29 முதல் 38 என்றும் கொள்ளலாம். பனையை நம்பாதீர்கள், காய்ந்த ஓலை சிறு காற்றுக்கே சலசலக்கும்.

மூன்றாம் படி: அளவு

60 முதல் 75 கிலோ எடையுள்ள புதியவருக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. உச்ச வீச்சு மணிக்கு 19 கிலோமீட்டர் வரை 5 சதுர மீட்டர், 25 வரை 3, 30 வரை 2, 35 வரை 1.5, அதற்கு மேல் வீட்டில் இருப்பது நல்லது. பரப்பை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள், நான்கிலும் விடை 1,800 ஐ ஒட்டியே வரும். எடை குறைந்தவர்கள் அந்த எண்ணையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 2 சதுர மீட்டரை வாங்குங்கள். நான்கு கயிறும் இரு கைப்பிடியும் உள்ள வகையாக, மணிக்கட்டில் மாட்டும் பாதுகாப்புக் கயிற்றுடன் இருக்கட்டும். கைப்பிடியை விட்டதும் அதனோடு இணைந்த பிரேக் கயிறு இழுபட்டுப் பட்டம் துவண்டு விழும். இரண்டு கயிறு வகை மலிவு என்றாலும் வீச்சு மிகுந்த நம் காற்றுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காம் படி: இடம்

10 மீட்டர் உயரமுள்ள மர வரிசைக்குப் பின்னால் ஏறத்தாழ 100 மீட்டர் வரை காற்று குழம்பியிருக்கும். காற்றாலைப் பகுதியில் மின்கம்பி கண்ணில் பட்டால் அந்த நிலத்தையே விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: உவரிக் கடற்கரைக்கும் இதே கணக்குத்தானா என்று ஒருவர் கேட்டிருந்தார். அளவுக் கணக்கு அதேதான். ஆனால் ஆடியில் அங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கிச் சாய்வாக வீசும். எனவே கரையின் மேட்டில் காற்று குறைவாகத் தோன்றினாலும் ஏமாறாமல், நீர் விளிம்பில் நின்று அளந்துகொள்ளுங்கள். பட்டம் உங்களைத் தண்ணீரை நோக்கி இழுத்தால் கைப்பிடியை விடுவதோடு மணிக்கட்டுக் கயிற்றையும் கழற்றி, பட்டத்தைக் கடலுக்கே விட்டுவிடுங்கள்.