மலையகத்து வீட்டுக்கு நெட் எடுக்கும்போது அப்லோடை முதலில் பாருங்கள்

விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் திரும்பிப் போவதற்குள் முடித்துவிட நினைக்கும் வேலைகளில், கூரைத் தகரம் மாற்றுவது, அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டுவது என்ற வரிசையில் இப்போது வீட்டுக்கு நெட் எடுப்பதும் சேர்ந்துவிட்டது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடைக்குப் போனால் ஓர் எண்ணைச் சொல்வார்கள்: 20, 50, 100 எம்பிபிஎஸ். அது டவுன்லோட் வேகம். நாமாகக் கேட்டால்தான் சொல்லும் இன்னொரு எண் இருக்கிறது. அதுதான் அப்லோட். இலங்கை மலையகத்தில் எடுக்கும் நெட் உங்களுக்கும் வீட்டுக்கும் உதவுமா என்பதை இந்த இரண்டாவது எண்தான் தீர்மானிக்கிறது.

டொரொன்டோவில் உங்கள் திரையில் தெரியும் அம்மாவின் முகம், பொகவந்தலாவை வீட்டின் அப்லோட் வழியாக ஏறி வருகிறது. உங்கள் முகம் அவருக்கு இறங்குவது அந்த வீட்டின் டவுன்லோட் வழியாக. "எனக்கு நல்லாத் தெரியுதே" என்று அம்மா சொல்ல, இந்தப் பக்கம் அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றால் காரணம் இதுதான். அங்கே டவுன்லோட் போதும், அப்லோட் போதவில்லை. கூடுதல் காசு கட்டி 20ஐ 50 ஆக்கினாலும், அப்லோட் அதே 1 எம்பிபிஎஸ்சில் நின்றால் உங்களுக்குத் தெரியும் படம் மாறாது.

எவ்வளவு வேண்டும்?

எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. போனில் ஃபைலின் அளவாகக் காட்டும் எம்பி, பைட் கணக்கு. எட்டால் வகுக்க வேண்டும். 8 எம்பிபிஎஸ் லைன் செக்கனுக்கு 1 எம்பிதான் நகர்த்தும். கலியாண வீட்டு வீடியோ 1 ஜிபி இருக்கிறது என்று வையுங்கள். 2 எம்பிபிஎஸ் அப்லோடில் அதை அனுப்ப ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். 10 எம்பிபிஎஸ் இருந்தால் 14 நிமிடத்துக்குள் போய்விடும்.

ஸூம் நிறுவனம் வெளியிட்டிருக்கும் கணக்கின்படி, இருவர் மட்டும் பேசும் 720பி படத்தர அழைப்புக்கு இரு பக்கமும் 1.2 எம்பிபிஎஸ் போதும். பலர் சேர்ந்த வகுப்பாக இருந்தால் ஏறுவதற்கு 2.6, இறங்குவதற்கு 1.8. ஏறுவதுதான் கூட. பிள்ளை ஒன்லைன் வகுப்பில் இருக்கும்போதே நீங்கள் அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தால் 4 எம்பிபிஎஸ் அப்லோட் உடனே தீர்ந்துபோகும். நெட்பிளிக்ஸ் போன்றவை டவுன்லோட் வேலை. எச்டி தரத்துக்கு 5, 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் இருந்தால் ஓடும்.

ஆகவே சாதாரணக் குடும்பத்துக்கு, இரவு 8 மணிக்கும் 15 எம்பிபிஎஸ் டவுன்லோடும் 5 எம்பிபிஎஸ் அப்லோடும் கிடைத்தால் தாராளம். 60 இறங்கி 1 ஏறும் லைனை விட, 15 இறங்கி 6 ஏறும் லைன் நல்லது. மாரியம்மன் கோயில் தேரையோ விடிய விடிய ஆடும் காமன் கூத்தையோ வெளிநாட்டு உறவுகளுக்கு நேரலையாகக் காட்ட நினைத்தால் 720பி படத்துக்கே 3 முதல் 4 எம்பிபிஎஸ் நிற்காமல் ஏற வேண்டும். அதற்கு ஸ்பீட் டெஸ்ட்டில் அதைப் போல இரண்டு மடங்கு காட்டும் இடத்தில்தான் கெமராவை வைக்க வேண்டும்.

மலை ஏன் அப்லோடை முதலில் விழுங்குகிறது?

டவர் 20, 40 வாட் சக்தியில் பேசுகிறது. உங்கள் போனோ வீட்டு 4ஜி ரவுட்டரோ 0.2 வாட் அளவில்தான் பதில் பேசும். டவரின் குரல் மலை தாண்டி வீட்டை எட்டிவிடும், வீட்டின் குரல் டவரை எட்டாது. அதனால்தான் திரையில் நாலு கோடு சிக்னல் நிற்கிறது, யூடியூப் ஓடுகிறது, வட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டு 4ஜி சேவைக்குப் பயன்படும் 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற பட்டைகளில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே அலைவரிசையை மாறி மாறிப் பங்கிட்டுக்கொள்கின்றன. வழக்கமான பங்கீட்டில் பத்து நேரக் கூறுகளில் இரண்டுதான் அப்லோடுக்கு முழுசாகக் கிடைக்கும். டவுன்லோடும் அப்லோடும் சமமாக வராததற்கு உங்கள் ரவுட்டர் பழுதாக இருக்க வேண்டியதில்லை.

இதன் மேல் லயத்தின் (தோட்டத்து வரிசை வீட்டின்) தகரக் கூரை, கருங்கல் சுவர், வீட்டுக்கு முன்னால் நிற்கும் சவுக்கும் யூகலிப்டசும். மழையால் 4ஜி பெரிதாகக் குறைவதில்லை, நனைந்த இலைகளால் குறையும். ரவுட்டரைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் உள்காம்பராவில் வைத்தால் பாதி அங்கேயே போய்விடும். டவர் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலில், இல்லாவிட்டால் இஸ்தோப்பில் (திண்ணையில்) நனையாத இடத்தில் வையுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டவர் சிக்னலின் வலிமையைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 80, 90 என்றால் நல்லது, மைனஸ் 110ஐத் தாண்டினால் அப்லோட் தள்ளாடும். ரவுட்டரை ஓர் அடி நகர்த்தி, இரண்டு நிமிடம் பொறுத்து, திரும்ப அந்த எண்ணைப் பாருங்கள். தொங்கல் (கடைசி) காம்பராவில் இருந்து நடுக் காம்பராவுக்குப் போனாலே 10 டிபி மாறும் இடங்கள் உண்டு. எதுவும் சரிவராவிட்டால் சுவருக்கு வெளியே பூட்டும் அன்டெனா ரவுட்டரைக் கேளுங்கள். அப்லோட் அதிகம் தேறுவது அதில்தான்.

எந்த லைன்?

ஃபைபர், அதாவது ஒளியாகத் தகவல் ஓடும் கண்ணாடி இழைக் கேபிள், கிடைக்கிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம். நுவரெலியா, ஹட்டன், பதுளை, கண்டி போன்ற டவுன்களிலும் மெயின் ரோட்டோரமாகவும் வாய்ப்பு கூட. ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினால் குறைந்துகொண்டே போகும். ஒரே ஃபைபர் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அந்தத் தொழில்நுட்பத்தில் மொத்தம் இறங்குவது 2.5 ஜிபிபிஎஸ் (2,500 எம்பிபிஎஸ்) அளவு, ஏறுவது அதில் பாதி. பெக்கேஜில் அப்லோட் குறைத்தே எழுதப்பட்டிருந்தாலும் எழுதிய அளவு பெரும்பாலும் வந்துசேரும் என்பதுதான் ஃபைபரின் பலம்.

பூட்ட வரும் ஊழியரிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள்: ஒளி அளவு எத்தனை டிபிஎம்? மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27க்குக் கிட்ட வந்தால் மழைக்காலத்தில் விட்டுவிட்டு வரும். மூலையில் கேபிளைச் சட்டென்று மடித்து ஆணி அடித்திருந்தாலும் அளவு இறங்கும். வளைவு ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவுக்குக் குறையக் கூடாது. பெட்டியில் சிவப்பாக எல்ஓஎஸ் என்ற விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் சரியாகாது, முறைப்பாடு கொடுத்தே ஆக வேண்டும்.

பழைய டெலிபோன் கம்பி வழியாக வரும் ஏடிஎஸ்எல், ஏடிஎஸ்எல்2+ என்றால் தாள் கணக்கில் அதிகபட்சம் 24 இறங்கி, சுமார் 1 எம்பிபிஎஸ் ஏறும். எக்ஸ்சேஞ்சில் இருந்து மூன்று நான்கு கிலோமீற்றர் தள்ளிப் போனால் அதிலும் கொஞ்சமே மிஞ்சும். வீடியோ கோலுக்காக இதை எடுக்க வேண்டாம்.

டவரும் இல்லை, கேபிளும் இல்லை என்ற பள்ளத்து டிவிசன்களுக்கு 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையம் ஒரு வழி. ஆனால் தட்டுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும். மரக்கிளை ஒன்று குறுக்கே நின்றாலும் பேச்சு சில செக்கன்கள் அறுந்து அறுந்து வரும். பெரிய தட்டு 75 முதல் 100 வாட் வரை கரண்ட் இழுக்கும் என்பதையும் வீட்டு பில்லில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருந்து 4ஜி ரவுட்டர் கொண்டுவர நினைப்பவர்களுக்கு: வட அமெரிக்காவில் விற்கும் பலவற்றில் 2300 மெகாஹெர்ட்ஸ் பட்டை, அதாவது பேண்ட் 40, கிடையாது. பெட்டியில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே போன் வாங்கினால் ஐஎம்இஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, போனின் 15 இலக்க அடையாள எண்ணையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும்.

காசு கட்டுமுன் சோதித்துப் பார்ப்பது

டயலொக், மொபிடெல், ஹட்ச் மூன்றிலும் ஒவ்வொரு சிம் வாங்குங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டியே வாங்கலாம். ஒரே போனில் மாற்றி மாற்றிப் போட்டு, நெட் பாவிக்கப் போகும் அதே காம்பராவில் இருந்து ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள். டவுனில் உள்ள கொமியுனிகேஷன் கடை வாசலில் எடுத்த டெஸ்ட் வீட்டுக்கு உதவாது. ஒரு மலை முகடு குறுக்கே வந்தால் கதையே வேறு.

நேரம் முக்கியம். விடியற்காலை 6 மணிக்கு எல்லா லைனும் பறக்கும். வேலை விட்டு எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, இரவு 7.30 முதல் 9.30 வரை எடுத்த எண்தான் உண்மையான எண். மூன்று நாள், நாளுக்கு மூன்று தடவை எடுத்து எழுதுங்கள். அதில் மிகக் குறைந்த அப்லோட் எதுவோ அதை வைத்து முடிவு செய்யுங்கள், சராசரியை வைத்து அல்ல. கோல் அறுவது அந்தக் குறைந்த நேரத்தில்தான்.

தீபாவளி வாரத்திலும், சித்திரை மாதம் நுவரெலியா சீசனிலும் டவர்கள் நிரம்பி வழியும். அந்த நாட்களில் மட்டும் சோதித்து ஒரு லைனை ஒதுக்கிவிடாதீர்கள்.

டெஸ்ட் செயலி தானாகக் கொழும்பு சேர்வரைத் தேர்ந்தெடுக்கும். அதோடு நிற்காமல் நீங்கள் வாழும் நகரத்தின் சேர்வரையும் தேர்ந்து ஒருமுறை எடுங்கள். லண்டனுக்குப் பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 150 மில்லிசெக்கனுக்கு மேலும் கனடாவுக்கு 200க்கு மேலும் வருவது தூரத்தின் விளைவு. எந்த பெக்கேஜாலும் குறையாது. ஆனால் அந்த எண் 200, 600, 250 என்று தாவினால் லைன் சரியில்லை. ஃபாஸ்ட் டொட் கொம்மில் டெஸ்ட் எடுத்தால் முதலில் டவுன்லோட் மட்டும் தெரியும். கீழே உள்ள 'மேலும் தகவல்' பொத்தானை அழுத்தினால்தான் அப்லோட் வரும்.

பெக்கேஜ் தாளில் பார்க்க வேண்டியது

விளம்பர விலையில் பெரும்பாலும் வரிகள் சேராது, வரியோடு எவ்வளவு என்று கேளுங்கள். டேட்டா பகல், இரவு என்று பிரிந்திருக்கிறதா, முடிந்த பின் வேகம் எவ்வளவுக்கு இறங்கும், அப்போது அப்லோட் எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள். ஏறுவதும் டேட்டாதான். இரு பக்கமும் 1.5 எம்பிபிஎஸ் போகும் ஒரு மணி நேர வீடியோ கோல் 1.3 ஜிபிக்கு மேல் எடுக்கும்.

அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள் என்று சிசிடிவி கெமரா பூட்டுபவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்கள். 2 எம்பிபிஎஸ்சில் இடைவிடாமல் இணையத்துக்கு ஏற்றும் ஒரே ஒரு கெமரா, நாளுக்கு 21 ஜிபிக்கு மேல் தின்னும், மாதத்துக்கு 650 ஜிபி அளவு. மாத நடுவில் டேட்டா முடிந்து, பிள்ளையின் வகுப்பும் நிற்கும். படத்தை கெமராவில் உள்ள மெமரி காட்டில் பதியவிட்டு, ஆள் நடமாட்டம் தெரியும்போது மட்டும் அனுப்பும்படி அமையுங்கள்.

கடதாசி வேலை

இணைப்பை வீட்டில் நிரந்தரமாக இருப்பவரின் அடையாள அட்டையில் எடுங்கள். உங்கள் கடவுச்சீட்டில் எடுத்தால் பிறகு சிம் மாற்றவும் முறைப்பாடு கொடுக்கவும் உங்களையே தேடுவார்கள். முகவரிக்கு மின்சார பில் கேட்பது வழக்கம். தோட்டத்தில் பல லயங்களுக்குத் தனி முகவரியே இல்லை, கடிதம் தோட்ட ஒபீசுக்கு வந்துதான் கைக்குக் கிடைக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு இணையதளத்தில் முகவரி போட்டு கவரேஜ் தேடுவது வீண். வரைபடத்தில் வீட்டின் புள்ளியையும், இணைப்பு உள்ள பக்கத்து வீட்டின் நம்பரையும், கேபிள் வரும் கடைசிப் போஸ்டில் (கம்பத்தில்) இருந்து வீடு எத்தனை மீற்றர் என்பதையும் எடுத்துக்கொண்டு நேரே கிளைக்குப் போங்கள். காணி தோட்டக் கம்பெனியின் குத்தகையில் இருப்பதால், புதுப் போஸ்ட் நட வேண்டுமானால் நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் தேவைப்படலாம். விண்ணப்பத்துக்கு முன்பே தோட்ட ஒபீசில் பேசி வையுங்கள். இரண்டு வார லீவில் இது முடியாமல் போகலாம் என்பதால் வந்த முதல் நாளிலேயே தொடங்குவது நல்லது.

கரண்ட் போவது மலையில் வழமை. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் காற்றும் மழையும் மரத்தைச் சாய்க்கும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி ரவுட்டரில் பூட்டினால் சில மணி நேரம் ஓடும். ரவுட்டர் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி அதிகம். செம்புக் கம்பி லைன் என்றால் கரண்ட் பிளக்கோடு டெலிபோன் வயரையும் கழற்ற வேண்டும், ரவுட்டரை எரிப்பது பல நேரம் அந்த வயர் வழியாக வரும் இடிதான். மண்சரிவு போஸ்டையும் கேபிளையும் ஒன்றாகக் கொண்டுபோகும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் அதைக் கண்டது. ஃபைபர் எடுத்தாலும் வேறு கம்பெனியின் சிம் ஒன்றை அம்மாவின் போனில் ரீலோட் போட்டு உயிரோடு வைத்திருங்கள்.

புறப்படும் நாளில் ஒரு தாளில் கணக்கு எண், வைஃபை கடவுச்சொல், கம்பெனியின் உதவி எண் (ஸ்ரீலங்கா டெலிகொம், அதாவது எஸ்எல்டி, என்றால் 1212, டயலொக் என்றால் 1777), நல்ல நிலையில் எரிய வேண்டிய விளக்குகள் எவை, அன்றைய டவுன்லோட், அப்லோட் எண்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, ரவுட்டருக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். லைன் மந்தமானால் வீட்டில் இருப்பவர் டெஸ்ட் எடுத்து, "அப்லோட் 6 இருந்தது, இப்போது 0.8" என்று சொல்லி முறைப்பாடு கொடுக்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் அதே தாளில் குறிக்கச் சொல்லுங்கள். கம்பெனி கவனிக்காவிட்டால் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் 1900ஐ அழைக்கும்போது அந்த இலக்கம் கையில் இருக்க வேண்டும்.