எக்ஸாஸ்ட் பிரேக்: இறுகாமல் காப்பதும் கோளாறைக் கண்டுபிடிப்பதும்

டீசல் மோட்டார்ஹோம்களில் (வீட்டு வசதிகள் கொண்ட பெரிய வண்டிகளில்) எக்ஸாஸ்ட் பிரேக் கெட்டுப்போவதற்கு, நான் பார்த்தவரையில், முதற்காரணம் வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நிற்பதுதான். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்குப் பின்னால் புகைக்குழாயில் பொருத்தப்பட்ட வால்வின் வட்டத் தகடு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் திரும்பிக் குழாயை அடைக்கிறது. வெளியேற வழியில்லாத காற்றைப் பிஸ்டன்கள் எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் இன்ஜின் வேகம் குறைந்து, அது கியர்பாக்ஸ் வழியே பின்சக்கரங்களைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தத் தகட்டைத் தாங்கும் தண்டு எப்போதும் சூட்டிலும் கரியிலும் ஈரத்திலும் இருக்கிறது. சில மாதங்கள் அசையாமல் விட்டால் துருவும் கரியும் சேர்ந்து அதை இறுக்கிவிடும்.

ஆகவே, சமதரையில் ஓட்டும்போதும் பிரேக் சுவிட்சைப் போட்டுப் பயன்படுத்துவது நல்ல பழக்கம். சாலை வழுக்கலாக இருக்கும்போது மட்டும் அதை அணைத்து வைக்க வேண்டும். தடுப்பு விசை முழுவதும் இயக்கு சக்கரங்களில் மட்டுமே விழுவதால் அவை சறுக்கக்கூடும்.

பராமரிப்புக்காக வண்டிக்கு அடியில் போவதற்கு முன் ஒன்றை மறக்கவே கூடாது. காற்றுப்பை சஸ்பென்ஷன் உள்ள வண்டியில், காற்று இறங்கினால் சட்டகம் எச்சரிக்கையின்றித் தரையை நோக்கி அமர்ந்துவிடும். இதனால் உயிரிழந்தவர்கள் உண்டு. வண்டியைச் சமமாக நிறுத்தும் லெவலிங் ஜாக்குகளையும் நம்பாமல், வண்டியின் எடைக்கு ஏற்ற தாங்கிகளைச் சட்டகத்துக்கு அடியில் வைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்ட பிறகே உள்ளே நுழைய வேண்டும். தண்டைத் திருப்பும் வால்வின் லிவர், ஏர் சிலிண்டரின் காற்றழுத்தத்தால் சட்டென்று திரும்பும் என்பதால், ஒருவர் உள்ளே சுவிட்சை இயக்கும்போது மற்றவருடைய விரல்கள் அதனருகில் இருக்கக்கூடாது.

குழாய் ஆறிய பிறகு, தண்டு வால்வு உடலுக்குள் நுழையும் இரு முனைகளிலும் அதிவெப்பம் தாங்கும் ஊடுருவு எண்ணெயை விட்டு, லிவரைப் பலமுறை முழுவீச்சுக்கு இயக்குங்கள். சாதாரண இன்ஜின் ஆயிலும் கிரீஸும் அந்தச் சூட்டில் கருகிப் பிசுபிசுப்பான கரியாக மாறி நிலைமையை மோசமாக்கும். ஏர் சிலிண்டரின் உள்ளுக்கு எந்த எண்ணெய், எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரின் கையேடு சொல்வதுபோலவே செய்ய வேண்டும். வண்டியை நீண்ட காலம் நிறுத்தி வைக்கும் முன் இந்த வேலையை ஒருமுறை செய்துவிட்டால், மறுபடி எடுக்கும்போது இறுகிய தண்டோடு போராட நேராது.

பிரேக் வேலை செய்யவில்லையென்றால், உதிரிபாகம் வாங்க அவசரப்படாமல், கட்டளை செல்லும் வழியிலேயே தொடர்ந்து போவதுதான் சரியான முறை. முதலில் ஃபியூஸ், பின் சுவிட்ச், பின் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டதை உணரும் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்த்து, சிலிண்டருக்குக் காற்றைத் திறந்துவிடும் மின்வால்வான சோலனாய்டுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரால் சோதியுங்கள். மின்னணுக் கட்டுப்பாடுள்ள இன்ஜின்களில், வண்டி நிற்கும்போதும் ஐடில் வேகத்திலும் கணினியே பிரேக்கை மறுக்கலாம்; அதைக் கோளாறென்று கருதக்கூடாது. மின்சாரம் வந்தும் சோலனாய்டு 'டக்' என்று ஒலிக்காவிட்டால் பழுது அதில் இருக்கிறது. ஒலித்தும் சிலிண்டரின் கம்பி நகராவிட்டால், காற்று வந்து சேருகிறதா என்று சிலிண்டருக்குச் செல்லும் காற்றுக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். காற்று வந்தும் லிவர் அசையவில்லையென்றால், சிலிண்டரை லிவரிலிருந்து பிரித்துவிட்டுத் தண்டைக் கையால் திருப்பிப் பார்த்தால், இறுகியது தண்டா, பழுதானது சிலிண்டரா என்பது உடனே விளங்கிவிடும்.

பிரேக் பிடித்தும் வலு குறைவாகத் தோன்றுவதுதான் சிக்கலான புகார். இன்ஜினின் புகையைச் சேர்த்து அனுப்பும் மேனிஃபோல்டுக்கும் வால்வுக்கும் இடையே கேஸ்கெட்டோ கிளாம்ப்போ கசிந்தால் எதிர் அழுத்தம் சேராது. அவ்விடங்களில் கரிக்கோடு தெரியும். ஆனால் பலமுறை குற்றம் வால்வில் இருப்பதேயில்லை. எதிர் அழுத்தம் இன்ஜின் சுழற்சியோடு உயர்வதால், 1,200 ஆர்.பி.எம்.மில் மேல் கியரில் இறங்கும் வண்டியை நல்ல பிரேக்கும் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்டர் லாக்கப் ஆகாவிட்டாலும் (நேரடியாகப் பிணையாவிட்டாலும்), பிரேக் போட்டதும் கீழ்க் கியருக்கு இறங்கச் சொல்லும் சிக்னல் போகாவிட்டாலும் இதே அறிகுறிதான். அழுத்தத்தைக் கூட்டுவதற்காகத் சிறிது புகையை வெளியே விடத் தகட்டிலுள்ள துளையை அடைப்பதை மட்டும் செய்யாதீர்கள்: இன்ஜினுக்கு அனுமதித்த அளவைத் தாண்டினால், ஸ்பிரிங்குகளின் பிடியை மீறி எக்ஸாஸ்ட் வால்வுகள் தாமாகத் திறந்து சேதமடையும்.

இதற்கு நேர்மாறாக, ஏற்றத்தில் இழுவை குறைந்து, கரும்புகை வந்து, புகைக்குழாய் மிகையாகச் சூடேறினால், தகடு முழுமையாகத் திறக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், அல்லது சோலனாய்டின் காற்று வெளியேறும் துளை சேற்றால் அடைந்திருக்கலாம். இந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் டர்போ பழுதாகும்.

புதிய இன்ஜின்கள் பலவற்றில் தனி வால்வு இல்லை. டர்போவின் நகரும் இதழ்களே மூடிக்கொண்டு இந்த வேலையைச் செய்கின்றன. அங்கே எண்ணெய் விட இடமில்லை. இதழ்களில் கரி படியாதிருக்க, நீண்ட நேரம் ஐடிலில் ஓட விடுவதைத் தவிர்த்து பிரேக்கை அடிக்கடி பயன்படுத்துங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேன் கருவியால் கோளாறுக் குறியீட்டைப் படித்த பிறகே டர்போவைத் தொட வேண்டும்.