‘ஃபேர்’ என்றால் என்ன? எதிர்ச்சொல்லைக் கேளுங்கள்

ஆறாம் வகுப்பு அரையாண்டு ரேங்க் கார்டில், என் கையெழுத்துக்கு நேராக ‘ஃபேர்’ என்று எழுதியிருந்தது. வீட்டில் கிடந்த பழைய அகராதியைப் புரட்டினேன். முதல் பொருளே ‘அழகான’. அம்மாவிடம் காட்டிவிட்டு ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன். பக்கத்து வீட்டில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணன்தான் போட்டு உடைத்தார்: “டேய், அது அழகு இல்லடா. சுமார்னு அர்த்தம்.”

அகராதி பொய் சொல்லவில்லை. அதில் வரிசையாக நின்ற பொருள்களில் எது எனக்கானது என்று பார்க்கத் தெரியாமல், பிடித்ததை எடுத்துக்கொண்டேன். ஆங்கிலம் கற்கத் தொடங்குகிற பலர் இடறும் இடம் இதுதான். ‘ஃபேர்’ என்ற அந்த ஒரே சொல்லை வைத்து, பொருளைப் பிரிப்பதையும் அதற்கேற்ற இணைச்சொல்லைப் பிடிப்பதையும் பார்ப்போம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதல் படி: சொல்லை எழுதாதீர்கள், தொடரை எழுதுங்கள்

‘ஃபேர்’ என்று தனியாக எழுதி, எதிரே பத்து அர்த்தம் எழுதினால் மறுநாளே மறந்துவிடும். அது வரும் இடத்தோடு சேர்த்து எழுதுங்கள். ஃபேர் பிரைஸ் ஷாப், ஃபேர் காப்பி, ஃபேர் ஸ்கின், ஃபேர் வெதர், ஃபேர் பிளே, எ ஃபேர் அமௌண்ட், புக் ஃபேர். கூடவே என் கையெழுத்து. இவற்றில் பாதி நமக்கு முன்பே பழக்கம். ரேஷன் கடைப் பலகையிலும் பள்ளி நோட்டிலும் பார்த்தவைதான்.

இரண்டாம் படி: ஒவ்வொன்றுக்கும் எதிர்ச்சொல் கேளுங்கள்

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டால் மூளை குழம்பும். ‘இது இல்லையென்றால் வேறென்ன?’ என்று கேட்டால் பதில் சட்டென்று வரும்.

ஃபேர் பிரைஸ் இல்லையென்றால்? அன்ஃபேர், அநியாய விலை. அப்படியானால் இங்கே ஃபேர் என்பது நியாயம். ஃபேர் காப்பி இல்லையென்றால் ரஃப் காப்பி. ஆக, அடித்தல் திருத்தல் இல்லாத பிரதி. ஃபேர் ஸ்கின்னுக்கு எதிர் டார்க், எனவே வெளிர் நிறம். ஃபேர் வெதருக்கு எதிர் ஃபவுல் வெதர், அதாவது மழையும் புயலும். விளையாட்டிலும் அதே ஃபவுல்தான் எதிரில் நிற்கிறது. எ ஃபேர் அமௌண்ட் என்பதற்கு எதிர் ‘கொஞ்சம்’. ஆகவே அது ‘கணிசமான’. என் கையெழுத்துக்கு மட்டும் நேரான எதிர்ச்சொல் கிடையாது. அது ஏணியின் நடுப்படி. மேலே குட், கீழே பூர். பூர் இல்லை என்று நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நிறம், நியாயம், அழகு எல்லாம் எப்படி ஒரே சொல்லில் அடைந்தன என்று வியக்கத் தேவையில்லை, நம்மிடமும் உண்டு. ‘செம்மை’யை எடுத்துக்கொள்ளுங்கள். செம்மண்ணில் நிறம், செங்கோலில் நீதி, செந்தமிழில் திருத்தம். இங்கேயும் எதிர்ச்சொல்தான் வழிகாட்டும். செங்கோலுக்கு எதிரே கொடுங்கோல், செந்தமிழுக்கு எதிரே கொடுந்தமிழ். திருக்குறளிலும் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, அதை ஒட்டியே 56ஆவது கொடுங்கோன்மை. போதாததற்கு, ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ என்கிற வெளிர் நிறத்தை நாம் ‘சிவப்பு’ என்றே சொல்கிறோம். ‘பொண்ணு நல்ல செவப்பு’ என்று கல்யாணத் தரகர் சொன்னால் யாரும் தக்காளியை நினைப்பதில்லை.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அழகு என்பதே பொருள். வெளுப்பு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 1975இல் இந்தியாவில் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ கிரீம் 2020இல் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது. வெள்ளைத் தோல்தான் அழகா என்ற கேள்வி வலுத்தபோது, பெயரிலிருந்து அகன்றது இந்த ஒரு சொல்தான்.

மூன்றாம் படி: எதிர்ச்சொல்லின் கீழே இணைச்சொற்களைக் கட்டுங்கள்

அன்ஃபேர் என்று எழுதிய இடத்துக்கு நேராக ஜஸ்ட், இம்பார்ஷியல், ரீசனபிள். டார்க்குக்கு நேராக லைட், பேல், முடியைப் பற்றியென்றால் பிளாண்ட். ஃபவுல் வெதருக்கு நேராக கிளியர், ஃபைன். நடுப்படிக்கு மாடரேட், ஆவரேஜ். ‘கணிசம்’ என்பதற்கு கன்சிடரபிள்.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. பீட்டர் மார்க் ராஜெட் என்ற ஆங்கிலேய மருத்துவர், 73ஆவது வயதில், 1852இல் தன் புகழ்பெற்ற தெசாரஸை, அதாவது இணைச்சொல் தொகுப்பை, வெளியிட்டார். அதில் சொற்களை அகரவரிசையில் அடுக்காமல் கருத்துவாரியாகத் தொகுத்தார். எதிரெதிரான கருத்துகளைப் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளிலேயே வைத்தார்.

நான்காம் படி: மாற்றிப் போட்டுப் பாருங்கள்

ஒரே கட்டில் இருப்பதாலேயே ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுவிட முடியாது. ‘ரீசனபிள் பிரைஸ்’ சரி. ‘இம்பார்ஷியல் பிரைஸ்’ சரிவராது. நடுநிலை மனிதருக்கும் தீர்ப்புக்கும் உரியது, வெங்காய விலைக்கு அல்ல. ஒருவரைப் பாராட்டுவதாக நினைத்து ‘யூ லுக் பேல்’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘உடம்பு சரியில்லையா?’ என்று கேட்டதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார்.

சில தொடர்கள் இரண்டு கட்டிலும் பொருந்தி நம்மைச் சோதிக்கும். ‘ஹி இஸ் எ ஃபேர் ஜட்ஜ்’ என்றால் நேர்மையான நீதிபதியா, சுமாரான நீதிபதியா? வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் தெரியாது. முன்னும் பின்னும் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: வேற்று வீட்டுக்காரரைப் பிரித்து வையுங்கள்

பட்டியலில் புக் ஃபேர் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதற்கு எதிர்ச்சொல் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அது வேறு சொல். எழுத்தும் ஒலிப்பும் ஒன்று, பிறப்பு வேறு. விழா நாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கோயில் திருவிழா என்றால் கூடவே கடைகளும் முளைக்கும் அல்லவா, அதே கதைதான். சென்னையில் 1977இல் தொடங்கியதைப் புத்தகக் காட்சி என்கிறோம், ஈரோட்டில் நடப்பது புத்தகத் திருவிழா. லத்தீன் வேருக்கு நெருக்கமாகப் பெயர் வைத்தவர்கள் ஈரோட்டுக்காரர்கள்தான்.

பஸ் கட்டணமான ஃபேரும் காதுக்கு இதேபோலத்தான் கேட்கும், ஆனால் எழுத்துக்கூட்டலே வேறு. அதற்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.

சரி, பயிற்சிக்கு ஒரு சொல்: ‘லைட்’. இதே ஐந்து படிகளையும் போட்டுப் பாருங்கள். டார்க் ஒரு எதிர்ச்சொல், ஹெவி இன்னொன்று. மூன்றாவது எந்த அகராதியும் இல்லாமலே டீக்கடையில் கிடைக்கும். மாஸ்டரிடம் ‘ஒரு லைட் டீ’ என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்பவர் என்ன கேட்கிறார் என்று காதைக் கொடுங்கள்.